மேற்குச் சுவருக்கு டிரிப்ஸ்

காலையில் கதவைத் திறந்ததும் மாடிப்படி முழுக்கப் பெயிண்ட் வாடை. மூக்கில் ஏறிய வேகத்தில் என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சண்டை என்று வந்தால் நீ அப்படித்தான் நிற்பாய். அந்தப் பழக்கம் எந்த வருஷம் எனக்குத் தொற்றியது என்று தெரியவில்லை.

எங்கள் ஊரப்பாக்கத்து அடுக்குமாடிக்கு வெளிப்பூச்சு அடிக்கிறார்கள். முப்பத்திரண்டு வீடும் ஒரே சந்தன நிறமாக வேண்டுமாம். பெயிண்டர் சாரத்தில் நின்றுகொண்டு என் பால்கனிக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, செங்கல்ல பூசாம ஓட்ட ஓட்டயா வுட்டு வச்சிகீறீங்க? இத்தயும் சேத்து அடிச்சிடறேன், சும்மா பளபளன்னு ஆயிடும்" என்றார். "அந்தக் கல்லு மேல ஒரு சொட்டு பட்டாலும் உங்க டப்பா கீழே தெருவுல கிடக்கும்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவரிடமிருந்து ஃபோன். "மேடம், ஒரு ஃப்ளாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு குடுக்க முடியாது. பில்டிங் யூனிஃபார்மா இருக்கணும். ரெண்டு மணிக்கு நேர்ல வந்து பேசறேன்." வாருங்கள் என்றேன். இரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை உன்னோடு பேசிக்கொண்டிருக்கப் போகிறேன். நீ போய் மூன்று கத்திரி வெயில் கடந்துவிட்டது. ஒவ்வொரு கத்திரிக்கும் உன் மேல் கோபம்தான் வருகிறது. இந்த மாதிரி நாளில் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை உரக்கப் பேச ஆள் இல்லாமல் என்னை விட்டுவிட்டுப் போனாயே என்று.

உன்னை நான் முதலில் பார்த்தது சித்தாளாக இல்லை. தாம்பரத்தில் நான் நர்ஸாக இருந்த அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில், பின்கட்டு வார்டில், மூன்றாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்த பெண்ணாகத்தான் பார்த்தேன். எண்பதுகளின் பாதி. முன்கட்டில் தளம் போட்ட அறைகள். பின்கட்டில் ஆறு கட்டில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்கே சிமெண்ட் பூசிய தடித்த சுவர். படப்பைப் பக்கத்திலிருந்தும் இன்னும் உள்ளே இருந்தும் வருகிற பெண்களுக்கு அந்த ஆறு கட்டிலை விட்டால் செங்கல்பட்டுக்கோ எழும்பூருக்கோ ஓட வேண்டும். சித்திரை பிறந்துவிட்டால் பத்து மணிக்கே அந்த வார்டுக்குள் நுழைய முடியாது. சுவர் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் உள்ளே துப்பும்.

உன் முதல் பிள்ளை அங்கே நான்கு நாள் இருந்தான். நல்ல எடை, நல்ல குரல். மூன்றாம் நாள் பாலுக்கு வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் தொட்டால் கொதித்தான். உதடு காய்ந்து தோல் சுருங்கிவிட்டது. ஈரத்துணி வைத்தோம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டோம், டாக்டரம்மா தன் கையால் விசிறிக்கொண்டே இருந்தார். எழும்பூருக்கு அனுப்ப வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவனைக் கழுவித் துடைத்து உன் மடியில் வைத்தது நான். நீ அழவில்லை. ஒரு கையில் அவனை வைத்துக்கொண்டு மறு கையை மேற்குச் சுவரில் பதித்தாய். "இது சுவரா சிஸ்டர்? அடுப்போட முதுகு" என்றாய்.

கேஸ் ஷீட்டில் நான் 'காய்ச்சல்' என்று எழுதினேன். சுவர் என்று எழுத அதில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். அப்போது எனக்கு அவ்வளவு துணிவு கிடையாது.

அந்த வருஷ மழையில் அந்தச் சுவர் ஊறிப்போய்ப் பாதி சரிந்து விழுந்தது. நல்லவேளை, கட்டிலில் யாருக்கும் அடி இல்லை. தை கழிந்ததும் திரும்பக் கட்ட மேஸ்திரி வந்தார். அவர் பின்னால் தலையில் சும்மாட்டோடு நீ வந்தாய். ஆறு மாத வயிறு தெரிந்தது. நான் மருந்து அறைக்குள் போய்விட்டேன். உன் முகத்தைப் பார்க்காமல் இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் நீயே வந்து வாசலில் நின்று, "சிஸ்டர், கத்திரியில எனக்கு நாளு. இதே கட்டில்தான் கேப்பேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாய். எச்சரிக்கையா, வேண்டுகோளா என்று எனக்குப் புரியவில்லை.

சுவர் இடுப்பளவு எழும்பியதும் உனக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை. கலவை இறுக வேண்டும் என்று ஒரு நாளைக்குப் பலமுறை கல்லை நனைப்பீர்களே, அது. ஒரு நாள் நண்பகலில் பின்பக்கம் வந்தேன். உன்னோடு வேலை செய்த பெண்ணின் கைக்குழந்தையை, அந்த ஈரச் சுவருக்கு அடியில், சாக்கை விரித்துப் படுக்க வைத்திருந்தாய். எனக்கு வந்ததே கோபம். "சளி பிடிக்கும், ஈரத்துல போட்டிருக்கியே, அறிவு இருக்கா?" என்றேன்.

நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாய். "உங்க வார்டாண்ட கீறத விட இங்க ஜில்லுனு கீது சிஸ்டர். எந்தக் கட்டடத்துல வேல செஞ்சாலும் எங்க புள்ளைங்கள பூசாத சுவத்தாண்டதான் வுடுவோம். பூசிட்டா அப்புறம் அங்க ஆவாது. ஏன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான படிச்சவங்க, சொல்லுங்க."

உன்னை மடக்கத்தான் வார்டில் தொங்கிய வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். வார்டில் பார்த்த அளவு, வாசலில் பார்த்த அளவு, அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் பார்த்த அளவு. பாதரசம் என் கண்ணெதிரே இறங்கிற்று. நாலு டிகிரிக்கு மேலேயே இறங்கிற்று. கோளாறு என்று உதறிவிட்டு மறுபடியும் பார்த்தேன். அப்போதும் இறங்கிற்று. நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் வெட்கம். காய்ச்சல் பிள்ளைக்கு ஈரத்துணி போடுகிறேன். ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவினால் தோல் சில்லிடுகிறது. தண்ணீர் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது என்று பரீட்சையில் எழுதித் தேறியவள் நான். அது உடம்புக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கும் அதே வேலைதான் என்று நான் யோசித்ததே இல்லை. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம்.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். ஆஸ்பத்திரி கமிட்டியின் செக்ரட்டரி சர்க்காரில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பிரசவத்துக்காகத் திருச்சிக்குப் போயிருந்தார். "அவர் இருந்தா ஒத்துக்க மாட்டார். வர்றதுக்குள்ள கட்டிட்டா கட்டினதுதான்" என்றார் டாக்டரம்மா. அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கல் தேர்ந்தெடுத்தது நீ. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தாண்டை ஒரு சூளையில், ஓரத்தில் நின்று சரியாக வேகாமல் வெளுத்துப்போன கல்லை வேண்டாம் என்று குவித்து வைத்திருந்தார்களாம். அதைத்தான் வண்டியில் ஏற்றி வந்தாய். இறக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து நாக்கை வைத்துப் பார்த்தாய். எனக்கு உடம்பு கூசிற்று. "என்ன கிருமி இருக்குமோ, சீ" என்றேன். "நாக்குல ஒட்டிக்கினா தண்ணி குடிக்கிற கல்லு. ஒட்டலன்னா அது வெறும் கல்லு. நீங்களும் வச்சிப் பாருங்க" என்று நீட்டினாய். வைத்தேன். ஒட்டிக்கொண்டது. நாக்கை எடுக்கும்போது ஒரு சின்ன இழுப்பு. சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு இன்னொரு கல்லிலும் வைத்தேன்.

மேஸ்திரிக்குத்தான் பொறுக்கவில்லை. "பொம்பளைங்க பேச்சக் கேட்டு வேகாத கல்லுல ஓட்ட சுவரு எய்ப்பினேன்னா தாம்பரத்துல எவன் எனக்கு வேல குடுப்பான்?" என்று கலவை அள்ளுகிற கரணையை வீசிவிட்டு உட்கார்ந்தார். நீ அந்தக் கரணையை எடுத்தாய். சித்தாள் கை அதைத் தொட்டால் வேலையே நின்றுபோகிற காலம் அது. கல்லுக்குக் கல் நான்கு விரல் சந்து விட்டு ஒரு வரிசை வைத்தாய். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது வரிசையில் பாதி வந்தபோது எழுந்து, "கோணலா வக்கிறியே, தள்ளு அந்தாண்ட" என்று கரணையைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தை அவரே முடித்தார்.

இடுப்புக்குக் கீழே கெட்டிச் சுவர், மேலே சந்து வைத்த சுவர், பூச்சு இல்லை. இனி அதை நனைக்க வழி வேண்டும். வாளியில் மொண்டு ஊற்றினால் அரை மணியில் காய்ந்துவிடுகிறது. அங்கேதான் என் பங்கு வந்தது. காலி குளுக்கோஸ் பாட்டில்களையும் கழித்துப்போட்ட டியூப்களையும் எடுத்து, சுவரின் தலைமாட்டில் கம்பி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டேன். பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர். சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு என்று திருகைச் சரிசெய்தேன். சுவர் அதைச் சட்டையே செய்யவில்லை. நீ வந்து எல்லாத் திருகையும் முழுக்கத் திறந்துவிட்டாய். "இது பேஷண்டு இல்ல சிஸ்டர், எரும. நல்லா குடிக்கட்டும்."

வார்டே சிரித்தது. "எங்களுக்கு ஏத்த வேண்டியத சுவத்துக்கு ஏத்துறாங்கடி" என்று ஐந்தாம் நம்பர் கட்டில்காரி ஊரெல்லாம் சொன்னாள். துணைக்கு வந்த பெண்கள் மணிக்கு ஒரு தடவை பாட்டிலை நிரப்பினார்கள். கீழே வழிகிற கொஞ்சநஞ்சத் தண்ணீர் தேங்கிக் கொசு வராமல் இருக்க, ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டாய். பங்குனிக் கடைசியில் மேற்கே இருந்து சூடாக அடித்த காற்று, அந்தச் சந்துகளில் புகுந்து வார்டுக்குள் வரும்போது வேறு காற்றாக வந்தது.

பிறகு செக்ரட்டரி சார் திரும்பி வந்தார். வார்டு வாசலில் நின்று குடையைத் தரையில் ஊன்றினார். "வாட் இஸ் திஸ்? ஹாஸ்பிடலா, மாட்டுக் கொட்டகையா? மெட்ராஸ் ஈரப்பதம் உள்ள ஊரும்மா. கடல் பக்கத்துல இருக்கு. இதெல்லாம் ராஜஸ்தான்ல செய்யறது. இங்க வொர்க் ஆகாது. புக்ல இருக்கு."

நீ தலைச்சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாய். "சார், கடல் காத்து பீச்சாண்ட மத்தியானமே வந்துடும். தாம்பரம் வர சொல்லோ மூணு, நாலு ஆவுது. சில நாளு வர்றதே இல்ல. அதுவரிக்கும் மேலக் காத்துதான் வறட்டு வறட்டுன்னு அடிக்குது. அப்பதான் சார் புள்ளைங்க சாவுது. கடல் காத்து வந்துட்டா எனக்கு எதுக்கு சார் இந்த சுவரு?"

பதில் தெரியாதபோது ஆட்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். நாள் குறித்தார். கத்திரி தொடங்கியதும் வருகிற முதல் புதன்கிழமை சுகாதார அதிகாரியோடு கமிட்டி வரும், அன்று வார்டு இருக்கிற நிலையைப் பார்த்து முடிவு செய்யும், சரியில்லை என்றால் வெயில் முடியும்வரை பின்கட்டுக்குப் பூட்டு. பூட்டு என்றால் உன் கட்டிலும் இல்லை. உனக்கு நாள் அந்த வாரம்தான்.

இனி சொல்ல வேண்டியது நான் செய்த காரியம். உன்னிடம் நூறு தடவை ஒத்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தடவை சொன்னால் குறைந்துவிட மாட்டேன்.

அந்தப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உனக்கு வளையல் போடப் படப்பைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நான் வார்டில் நின்று சுவரைப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டு மூலையில் பாசி. அதிகாரி வருகிறார், இந்த அசிங்கத்தையா காட்டுவது? எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: ஆஸ்பத்திரிச் சுவர் என்றால் துடைத்தால் பளிச்சென்று ஆக வேண்டும். பிரசவ அறையிலும் இடுப்பளவுக்குப் பச்சை எனாமல்தான். அன்று அந்த அறைக்கு மறுபூச்சு அடிக்க ஆள் வந்திருந்தார். டிரிப்ஸை மூடிச் சுவரைக் காயவிட்டு, மிச்சம் இருந்த டின்களோடு அவரைப் பின்கட்டுக்கு அழைத்து வந்தேன். உள்பக்கம், வெளிப்பக்கம், "சந்துக்குள்ளயும் பிரஷ்ஷை விட்டு நல்லா அடிங்க" என்று பக்கத்தில் நின்று சொன்னேன். சாயங்காலம் சுவர் புதுப் பாத்திரம் போல மின்னிற்று. நீ வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

திங்கள்கிழமை காலையில் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு வந்தாய். வாசலிலேயே நின்றாய். டிரிப்ஸ் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் பச்சைச் சுவரில் வழிந்து தரையில் தேங்கி நின்றது. வார்டு வெந்துகொண்டிருந்தது. நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. மெல்ல நடந்து போய், குனிய முடியாத வயிற்றோடு குனிந்து, கல்லில் நாக்கை வைத்தாய்.

"ஒட்டல" என்றாய்.

"கழுவறதுக்கு வசதியா இருக்குமேன்னு…" என்று நான் ஆரம்பித்தேன்.

"கழுவு. என் புள்ளய கழுவின மாரி இத்தயும் கழுவு. அதுதான உனுக்குத் தெரியும்."

அதுவரை என்னை நீ 'நீங்க' என்றுதான் சொல்லுவாய். அன்று 'நீ' ஆனேன். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் சுவரோரம் போய் நின்று அழுதேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொல்லையில் கிடந்த உடைந்த செங்கல் துண்டு ஒன்றைப் பொறுக்கி வந்து, சுவரில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாய்.

பச்சைத் தோல் உரிந்து சிவப்புத் தூளாகக் கொட்டிற்று. நன்றாக வெந்த கல்லாக இருந்திருந்தால் தேய்த்தவர் கைதான் தேய்ந்திருக்கும். யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய மென்மையான கல் என்பதால் பெயிண்டோடு தன் மேல்தோலையும் சேர்த்துக் கொடுத்தது. நானும் ஒரு துண்டை எடுத்தேன். பிறகு ஆயா எடுத்தார். இரண்டாம் நம்பர் கட்டில்காரியின் மாமியார், இட்லி வாங்கிக்கொண்டு வந்த அவள் நாத்தனார், எட்டு நாள் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தியின் அக்கா, எல்லோரும் எடுத்தார்கள். சந்துக்குள் விட்டுச் சுரண்டத் தேங்காய்த் துருவி, கரண்டிக் காம்பு, கழுவும் சோடாக்காரம் கரைத்த துணி. மேஸ்திரிகூட உளியோடு வந்து, "இதுக்குத்தான் சொன்னேன், பொம்பளைங்க பேச்சக் கேக்கக் கூடாதுன்னு" என்று முணுமுணுத்துக்கொண்டே மேல் வரிசையைக் கொத்திவிட்டார். திங்கள், செவ்வாய் இரண்டு பகலும் அந்த வார்டில் கேட்டது கல்லோடு கல் உரசுகிற சத்தமும் உன் வளையல் சத்தமும்தான். ஏழெட்டு வளையல் உடைந்தது. என்னோடு நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

செவ்வாய் மாலை எல்லாப் பாட்டிலையும் நிரப்பித் திறந்துவிட்டோம். சுவர் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லக் கறுத்தது. குடிக்கிறது என்று தெரிந்தது. அப்போதுதான் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். என் கையைத்தான் பிடித்தாய். என் உள்ளங்கைக் கொப்புளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வலியிலும் உதட்டைச் சுழித்துக்கொண்டு, "இன்னா சிஸ்டரு, பூ மாரி வச்சிகிற கைய" என்றாய். மன்னித்தாயா, கிண்டல் செய்தாயா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. புதன்கிழமை விடிந்ததும் பெண் பிறந்தாள்.

கமிட்டி வந்தபோது மணி ஒன்று. தார் உருகும் வெயில். செக்ரட்டரி சார் ஸ்கூட்டரில் வந்திருந்தார், முகம் சிவந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதிகாரி இளைஞர், கையில் நோட்டு. செக்ரட்டரி சுவரைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். "பாருங்க சார், கொத்திக் குதறிப் போட்ட மாதிரி இருக்கு. அங்கங்க பச்சையா வேற…" மூன்றாம் நம்பர் கட்டிலிலிருந்து உன் குரல் வந்தது. "சார், வெயில்ல வந்துகீறீங்க. நின்னுகினே பேசினா எப்டி? அந்த சுவத்தாண்ட நாற்காலி கீது பாருங்க, குந்திகினு பேசுங்க."

அவர் உட்கார்ந்தார். மேற்குச் சுவர் அவர் முதுகுக்குப் பின்னால். "நான் என்ன சொல்றேன்னா, ஈரப்பதம் அதிகமா இருக்கிற எடத்துல தண்ணி ஆவியாகிற வேகம்…" என்றார். நிறுத்தினார். "அந்த வேகம் வந்து…" என்றார். குடைப்பிடியின் மேல் இரண்டு கையும் வைத்து, அதன் மேல் மோவாயை வைத்தார். பிறகு குறட்டைச் சத்தம்தான் கேட்டது.

வார்டில் ஒருத்தி பாக்கி இல்லாமல் எல்லோரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அதிகாரி என் வெப்பமானியை வாங்கி முன்கட்டிலும் பின்கட்டிலும் பார்த்தார், நோட்டில் குறித்துக்கொண்டார், தூங்குகிறவரை ஒரு தரம் பார்த்தார். "எழுப்ப வேண்டாம்" என்று டாக்டரம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். குடை சரிந்து விழுந்து செக்ரட்டரி விழித்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி, ஜூன் வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் கண்டிப்பா பூசிடணும்" என்றார். நீ பிள்ளையை மார்போடு அணைத்தபடி, "ஆவட்டும் சார்" என்றாய், ஒன்றும் தெரியாதவள் போல.

அந்த ஜூன் பன்னிரண்டு வருஷம் வரவில்லை. அத்தனை கத்திரியிலும் அந்த வார்டில் சூட்டுக்கு ஒரு பிள்ளையை நாம் கொடுக்கவில்லை. இதை நான் எந்த மேடையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

சுவரை வைத்துக் காப்பாற்றுவது சும்மா இல்லை. தொண்ணூறுகளில் சுற்றிலும் வீடுகள் எழும்பி, ஆளுக்கொரு ஆழ்துளை போட, நம் கிணற்று நீர் இன்னும் உப்பேறியது. உப்பு கல்லின் கண்ணை அடைக்கும். நீ எந்த வேலையில் இருந்தாலும் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாய். மழைக்குப் பிடித்து வைத்த தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு இரண்டு பேரும் தேய்ப்போம். உன் பெண் கட்டிலுக்குக் கட்டில் ஓடிக்கொண்டிருப்பாள். தேறாத கல்லைப் பெயர்த்து வேறு வைப்பாய். அப்போதெல்லாம் கரணையை யாரிடமும் கேட்காமல் எடுக்கிற ஆளாகிவிட்டிருந்தாய். "பூசிட்டு ஒரு கூலர் வாங்கி வச்சா முடிஞ்சிது" என்று புதிதாக வந்த கமிட்டிக்காரர் சொன்னபோது, "கரண்டு பூட்டா கூலர் வாயால ஊதுமா சார்?" என்று கேட்டாய். அவர் அப்புறம் பின்கட்டுப் பக்கமே வரவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியையே விற்றார்கள். கடைகள் கட்ட இடித்தார்கள். இடிக்கிற அன்று நான் வரவில்லை, எனக்குத் தாங்காது என்று வீட்டில் இருந்துவிட்டேன். நீ போயிருக்கிறாய். எனக்குச் சொல்லவே இல்லை.

அது உன் காரியம் முடிந்த மறுவாரம்தான் தெரிந்தது. ஒரு குட்டி லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. உன் பெண் இறங்கினாள். இப்போது அவளும் நர்ஸ். "ஆன்ட்டி, அம்மா வூட்டுப் பொறக்கடைல அடுக்கி வச்சிருந்துச்சு. இத்தினி வருஷமா யாரையும் தொட வுடல. 'சிஸ்டராண்ட குடுத்துடு, பூசக் கூடாதுன்னு சொல்லு' அப்படின்னு சொல்லிச்சு" என்றாள். கல். நம் மேற்குச் சுவரின் கல். கைக்கு ஒன்றாக இரண்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்றின் உள்விளிம்பில், துருவி எட்டாத மூலையில், பச்சை எனாமல் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. நீ இல்லாமல் போன நாளில் வராத அழுகை அன்று வந்தது. தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

என் பால்கனி மேற்குப் பார்த்தது. இடுப்புக்கு மேல் உன் கல்லைச் சந்து வைத்துக் கட்டச் சொன்னேன். கொத்தனார் தயங்கினார். கரணையை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். முதல் வரிசை நான் வைத்தது, கோணல்தான். பையன் ஏசி வாங்கித் தருகிறேன் என்று வருஷாவருஷம் சொல்கிறான். பிரிட்ஜை மட்டும் மாற்றிக் கொடு என்றேன். பச்சைக் கோடு போட்ட அந்தக் கல்லை என் பக்கம் பார்க்க வைத்திருக்கிறேன். சரி என்று மனசாரத் தோன்றுகிற எதையும் செய்யுமுன் அதை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன். நீ எனக்கு விட்டுப்போனது அந்தத் தயக்கமும் இந்தப் பிடிவாதமும்தான். இரண்டில் எதையும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மணி ஒன்றே முக்கால். காலையிலிருந்து மூன்று வாளி ஊற்றியிருக்கிறேன். பாட்டில்களில் தண்ணீர் ஓடுகிறது, திருகு முழுக்கத் திறந்திருக்கிறது. சற்று முன் போய் நாக்கை வைத்துப் பார்த்தேன், ஒட்டுகிறது. காற்று மேற்கே இருந்துதான் அடிக்கிறது, கடல் காற்று வர இன்னும் வெகுநேரம் ஆகும்.

தலைவர் படியேறி வருகிற சத்தம் கேட்கிறது. மூன்று மாடி, இந்த வெயிலில். பாவம், நன்றாக வியர்த்திருக்கும். கைப்பிடி வைத்த நாற்காலியைச் சுவரோரம் போட்டு, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்திருக்கிறேன். பேச்சை அவரே ஆரம்பிக்கட்டும். முடிக்க மாட்டார்.